பத்தாவது ஃபெயில் ஆனவர்களின் பாதுகாவலருக்கு

அனுப்புநர்:
படிவம் நிரப்பித் தருபவன்,
ஜெராக்ஸ் கடை வாசல், ஓ.டி. பேருந்து நிலையம் அருகில்,
அம்பத்தூர், சென்னை - 600 053.

பெறுநர்:
குடிபெயர்வோரின் தலைமைப் பாதுகாவலர் அவர்கள்,
வெளியுறவு அமைச்சகம், புதுதில்லி.

பொருள்: பத்தாம் வகுப்பு ஆங்கிலத்தில் தோற்றவர்களை ஆங்கிலத்திலேயே காப்பாற்றி வருவது - நன்றி தெரிவித்தல் - தொடர்பாக.

பார்வை: குடிபெயர்வுச் சட்டம், 1983 (31/1983).

ஐயா,

எங்கள் ஊரில் ஒருவன் பத்தாவது ஃபெயில் ஆனால் அவனுக்காகக் கவலைப்படுவது இரண்டே பேர். ஒன்று பெற்ற தாய். இன்னொன்று தாங்கள். தாய் ஒரு வாரம் அழுவாள், அடுத்த அட்டெம்ப்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று தேற்றுவாள், பிறகு மறந்துவிடுவாள். தாங்கள் மறப்பதே இல்லை. அவன் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் நாலு கம்பெனி மாறி, ஆர்கான் வெல்டிங்கில் பேர் வாங்கி, கல்யாணமும் ஆகி, சவுதிக்குப் போகலாம் என்று பாஸ்போர்ட் கேட்டு வரும்போது, அந்தப் பழைய மார்க் ஷீட்டை ஞாபகமாகக் கேட்கிறீர்கள். அது இல்லை என்றால் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் என்று போட்டுத் தருகிறீர்கள்.

சென்னைக்காரனுக்கு ஈசிஆர் என்றால் மகாபலிபுரம் போகிற ரோடு. ‘எமிகிரேஷன் செக் ரிக்கொயர்ட்’, அதாவது வேலைக்காக வெளிநாடு போகுமுன் குடிபெயர்வோர் பாதுகாவலரிடம் அனுமதி வாங்க வேண்டியவன் என்பது பாஸ்போர்ட் கைக்கு வந்த பிறகுதான் தெரியவரும். அதுவும் எங்களைப் போல யாராவது சொன்னால்.

அதற்கு முன்பே படிவத்தில் ஒரு கேள்வி வைத்திருக்கிறீர்கள்: விண்ணப்பதாரர் ‘நான்-ஈசிஆர்’ வகைக்குத் தகுதியுடையவரா, ஆமா இல்லையா? கேள்வியை உண்டாக்கியவரை நான் நேரில் கும்பிட வேண்டும். சோதனை தேவை என்பது ஒரு சங்கதி. அது தேவையில்லை என்பது அதற்கு எதிர்ச்சங்கதி. அந்த எதிர்ச்சங்கதிக்குத் தகுதி இருக்கிறதா என்று, இங்கிலீஷில் முட்டிக்கொண்டு நின்றவனிடம் இங்கிலீஷில் கேட்கிறீர்கள். போன மழைக்காலத்தில் மண்ணூர்பேட்டையிலிருந்து வந்த ஒரு தம்பியிடம் அதை அப்படியே வாசித்தேன். அவன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. “ஆமாண்ணே, நான் ஈசிஆர்தான். எஸ் போடு” என்றான். இல்லடா, உனக்கு நோதான் போடணும் என்றேன். “நோ போட்டா ரிஜெக்ட் பண்ணிடுவாங்கண்ணே” என்று பதறினான். அவன் பயத்தில் நியாயம் இருக்கிறது. நோ என்று எழுதிக் கொடுத்து அவனுக்கு எந்த ஆபீஸில் எது கிடைத்திருக்கிறது?

இப்போது தங்கள் சட்டத்தின் ஞானத்துக்கு வருகிறேன். பத்தாவது பாஸ் ஆனவனுக்குப் பாதுகாப்பு வேண்டாம். வருமான வரி கட்டுகிறவனுக்கு வேண்டாம். அவனை வேறொரு துறை ஏற்கெனவே கவனித்துக்கொண்டிருக்கிறது. மூன்று ஆண்டுக்கு மேல் வெளிநாட்டில் இருந்தவனுக்கும் வேண்டாம். பட்டவனுக்குப் புத்தி வந்திருக்கும். ஐம்பது வயது தாண்டியவனுக்கும் வேண்டாம். இதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. நாற்பத்தொன்பது வயது வரை எந்த ஒப்பந்தமும் புரியாத மேஸ்திரிக்கு, ஐம்பதாவது பிறந்தநாள் விடிந்ததும் ஷரத்து ஷரத்தாகப் புரிய ஆரம்பிக்கிறது.

இன்னொரு விசேஷமும் தங்கள் கவனத்துக்கு வந்திருக்காது. கொரோனா வந்த 2020-லும் அதற்கடுத்த 2021-லும் தமிழ்நாட்டில் பத்தாவதுக்குத் தேர்வே நடக்கவில்லை, எல்லோரும் பாஸ். அந்த இரண்டு வருடப் பிள்ளைகள் யாருக்கும் வெளிநாட்டில் ஆபத்து வராது. 2019-ல் இங்கிலீஷில் முப்பத்தோரு மார்க் வாங்கிய அண்ணனுக்கு வரும். ஒரே வீட்டில், ஒரே ஏஜென்ட் மூலம், ஒரே கம்பெனிக்குப் போகிற அண்ணன் தம்பியில் யாரை ஏமாற்றுவார்கள் என்று தங்களுக்கு இவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருப்பது சாமானியமில்லை.

பூகோளத்திலும் தாங்கள் கெட்டி. ஈசிஆர் நாடுகள் என்று 18 நாடுகளைக் குறித்திருக்கிறீர்கள். வளைகுடா நாடுகள் அதில் இருக்கின்றன, மலேசியா இருக்கிறது, சிங்கப்பூர் இல்லை. எனவே அம்பத்தூர் வெல்டர் சிங்கப்பூரில் வேலை செய்தால் தன்னைத் தானே பார்த்துக்கொள்வான். பாலம் தாண்டி ஜோகூருக்கு வேலைக்குப் போனால் தாங்கள் பார்த்துக்கொள்வீர்கள்.

இத்தனை காவலும் வேலைக்குப் போகிறவனுக்கு மட்டும்தான். அதே பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு அதே துபாய்க்கு ஊர் சுற்றிப் பார்க்கப் போனால் எந்த அனுமதியும் தேவையில்லை. இது எங்கள் பக்கத்து ஏஜென்ட்டுகளுக்குத் தங்களைவிட நன்றாகத் தெரியும். “விசிட்ல போய்டு தம்பி, அங்க போய் மாத்திக்கலாம்.” இந்த ஒரு வாக்கியத்தில் 1983-ஆம் ஆண்டுச் சட்டம் முழுவதும் அடங்கிவிடுகிறது. முப்பது வயது ஆகாத பெண்ணுக்கு ஈசிஆர் பாஸ்போர்ட்டில் அந்த நாடுகளுக்கு வேலைக்குப் போக அனுமதியே கிடையாது. எனவே வீட்டு வேலைக்கு ஆள் பிடிக்க வருகிறவன் அவளிடம் விசிட் விசாவைப் பற்றி மட்டுமே பேசுகிறான். அங்கே அவளுக்கு ஒன்று ஆனால், தங்கள் கணக்கில் அவள் சுற்றுலாப் பயணி.

2018 ஜனவரியில் ஈசிஆர்காரர்களின் பாஸ்போர்ட்டுக்கு ஆரஞ்சு நிற அட்டை போடப்போவதாக அறிவித்தீர்கள். நாடெங்கும் எதிர்ப்பு வர, அந்த மாதம் முடிவதற்குள் கைவிட்டீர்கள். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். எழுத்துத் தெரியாதவனுக்கும் நிறம் தெரியுமே. தங்கள் துறை எங்கள் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி ஒன்றைச் சொல்ல முன்வந்தது அந்த ஒரு தடவைதான்.

மாலையில் கடையில் கூட்டம் குறைந்த பிறகு, கிளம்பப் போகிற சில பேர் என்னிடம் வார்த்தை கற்றுக்கொள்ள வருவார்கள். நான் வாத்தியார் இல்லை. ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அவர்கள் கொண்டுவருகிற ஒப்பந்தத்தை வாசிப்போம், அவ்வளவுதான். தாளின் ஒரு பாதியில் இங்கிலீஷ், மறு பாதியில் அரபி, நடுவில் ஒரு கோடு. அதில் எங்கள் ஆளுக்குத் தெரிந்தது கையெழுத்துப் போடும் இடம் மட்டும். அங்கே ஏஜென்ட் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு வைத்திருப்பான்.

‘புரொபேஷன்’ என்று இருந்தால் புரமோஷன் என்று நினைத்துச் சந்தோஷப்படுகிறான். ‘எண்ட் ஆஃப் சர்வீஸ்’ என்று இருந்தால் வேலையை விட்டுத் தூக்கப் போகிறார்கள் என்று முகம் வெளுக்கிறான். “அந்த லைனை எடுக்கச் சொல்லலாமாண்ணே?” என்று ஒருவன் கேட்டான். அது வேலை முடிந்து திரும்பும்போது கிடைக்கவேண்டிய பணிக்கொடை. அமீரகத்தில் முதல் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம் என்று கணக்கு. தனக்கு வரவேண்டிய பணத்தைத் தானே அடிக்கச் சொல்கிற நிலைமையில் அவன் இருக்கிறான். இன்னும் மோசமானது ‘பேசிக்’. ஏஜென்ட் வாயால் சொல்கிற சம்பளம் சாப்பாட்டுக் காசு, ரூம் காசு எல்லாம் சேர்த்தது. தாளில் பேசிக் என்று இருப்பது அதில் பாதியாக இருக்கும். பணிக்கொடை அந்தப் பாதியை வைத்துத்தான். இந்த ஒரு வார்த்தை தெரியாததால் போகும் காசு, இங்கிலீஷ் பரீட்சையில் போன மார்க்கைவிடப் பெரியது.

இவர்களுக்கு மொழி ஏறாது என்று தாங்கள் எண்ணிவிட வேண்டாம். இக்காமா என்றால் தங்கும் அட்டை, கபீல் என்றால் பொறுப்பெடுத்துக் கூப்பிட்ட முதலாளி, ஹுரூப் என்றால் ஓடிப்போய்விட்டான் என்று முதலாளி எழுதிக் கொடுப்பது. இதெல்லாம் திரும்பி வந்தவர்கள் டீக்கடையில் சொல்லி, போகிறவர்களுக்கு மனப்பாடம். தேவைப்பட்ட இடத்தில் அரபியே வருகிறது. சொந்த நாட்டு அரசாங்கம் என்ன சொல்கிறது என்பதற்குத்தான் ஜெராக்ஸ் கடை வாசலுக்கு வர வேண்டியிருக்கிறது.

தாங்கள் நல்லது செய்யவில்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப் போகும். ஈசிஆர் தொழிலாளிக்குக் கட்டாயக் காப்பீடு வைத்திருக்கிறீர்கள். விபத்தில் செத்தாலோ முடமானாலோ 10 லட்சம் ரூபாய். இரண்டு ஆண்டுக்குப் பிரீமியம் வெறும் 275 ரூபாய். அருமையான திட்டம். பெயர்: பிரவாசி பாரதீய பீமா யோஜனா. இன்சூரன்ஸ் என்று சொல்லியிருந்தால் எங்கள் ஊர்ப் பாட்டிக்குக்கூடப் புரிந்திருக்கும். ஏஜென்ட் “பீமா போட்டாச்சு” என்கிறான், இவன் ஏதோ சாமி பூஜை என்று தலையாட்டுகிறான். ஆள் போய்விட்டால், வீட்டில் இருக்கிறவள் எதை எங்கே போய்க் கேட்பாள்? அதேபோல, ஏஜென்ட் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் தவிர சேவைக் கட்டணமாக ஒரு காசு கூடுதலாக வாங்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறீர்கள். அந்த விதியை நான் சொன்னபோது என் முன்னால் உட்கார்ந்திருந்தவர் வாய்விட்டுச் சிரித்தார். அவர் அப்போதுதான் மனைவியின் செயினை அடகு வைத்துவிட்டு வந்திருந்தார்.

மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்த்தேன். அமீரகத் தொழிலாளர் அமைச்சகம், வேலை ஒப்பந்தத்தை அரபி, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குத் தெரிந்த மூன்றாவது மொழியிலும் தர வழி செய்திருக்கிறது. அந்த மொழிகளின் பட்டியலில் தமிழ் இருக்கிறது. அமெரிக்கா, தன் குடியுரிமை கேட்டு வருகிறவர் இங்கிலீஷ் பரீட்சைக்கு என்னென்ன வார்த்தை படிக்க வேண்டும் என்று தானே பட்டியல் போட்டு வெளியிட்டிருக்கிறது. மூன்று வாக்கியம் காட்டி ஒன்றைச் சரியாக வாசித்தால் போதும் என்கிறது. அந்நிய நாடுகளுக்கு அவ்வளவு கரிசனம். இந்திய பாஸ்போர்ட்டில் இந்தியும் ஆங்கிலமும் இருக்கின்றன. துபாய் ஷேக்குக்குத் தெரிந்திருக்கிறது தமிழன் தமிழ் படிப்பான் என்று.

வெள்ளைக்காரன் காலத்தை இழுப்பதற்கு மன்னிக்கவும். தங்கள் பதவியின் பெயரே அவன் வைத்துவிட்டுப் போனதுதான். நேட்டாலுக்கும் மொரிஷியஸுக்கும் கூலிகளைக் கப்பலேற்றிய நாட்களில் மதராஸ் துறைமுகத்தில் ‘குடிபெயர்வோர் பாதுகாவலர்’ என்று ஓர் அதிகாரி இருந்தார். 1983 சட்டத்துக்குச் சரியாக நூறு ஆண்டு முன்னால், 1883-லும் ஒரு குடிபெயர்வுச் சட்டம் உண்டு. கப்பலேறப் போகிறவனுக்குத் தான் செய்துகொள்ளும் ஒப்பந்தம் புரிகிறதா என்று அதிகாரி கேட்டறிய வேண்டும் என்பது அந்தக் காலத்து விதி. அதை எவ்வளவு யோக்கியமாகச் செய்தார்கள் என்பது தேயிலைக்கும் கரும்புக்கும் தெரியும். ஆனாலும் கேட்க வேண்டும் என்றாவது எழுதி வைத்தான்.

1983 சட்டத்தை மாற்றப்போவதாக 2019-ல் ஒரு வரைவு வந்தது, 2021-ல் இன்னொன்று வந்தது. 2025 அக்டோபரில் மூன்றாவதாக ஒன்றை வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டீர்கள். பெயர் ‘ஓவர்சீஸ் மொபிலிட்டி மசோதா’. எங்கள் பொதுமக்களுக்கு மொபைல் தெரியும். மொபிலிட்டி பற்றிக் கருத்து ஒன்றும் இல்லை.

இவன் எல்லாவற்றையும் தமிழில் கேட்கிறானே என்று, தமிழ் தெரிந்த ஒரு பண்டிதரைப் பிடித்து ‘குடிபெயர்வுச் சரிபார்ப்பு விலக்களிப்புக்கு உரியவரா’ என்று படிவத்தில் போட்டுவிடாதீர்கள், காலில் விழுகிறேன். அதற்குப் பழைய இங்கிலீஷே மேல். எங்கள் தாலுகா ஆபீஸ் தமிழை வாசித்துச் சொல்லவும் இதே ஜெராக்ஸ் கடைக்குத்தான் ஆள் வருகிறது. ‘பத்தாவது பாஸா?’ என்று கேளுங்கள். பதில் வந்துவிடும்.

என் கோரிக்கை சின்னது. ஒப்பந்தம் தமிழிலும் இருக்கட்டும். அனுமதி கொடுப்பதற்கு முன், தங்கள் அதிகாரி ஏஜென்ட்டை வெளியே நிற்கவைத்துவிட்டு, போகிறவனைத் தமிழில் மூன்று கேள்வி கேட்கட்டும். உன் பேசிக் சம்பளம் எவ்வளவு? அங்கே உன் பாஸ்போர்ட் யார் கையில் இருக்கும்? திரும்பி வர டிக்கெட் யார் எடுத்துத் தருவார்கள்? மூன்றுக்கும் பதில் சொல்கிறவனைப் பத்தாவது ஃபெயில் ஆனாலும் அனுப்பிவிடுங்கள். சொல்லத் தெரியாதவனை, பி.இ. படித்திருந்தாலும் ஐம்பது வயது தாண்டியிருந்தாலும், உட்காரவைத்து முழுதும் விளக்கிய பிறகு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
படிவம் நிரப்புபவன், அம்பத்தூர்.