தூக்கு அஜ்மானில் இருக்கிறது

ஷார்ஜா,
திங்கள் இரவு.

அன்புள்ள அக்காவுக்கு,

"அக்கரைக்குப் போனவளுக்கு ஞாயித்துக்கிழமைகூட அஞ்சு நிமிஷம் ஒழியாதாமா?" என்று அம்மாவிடம் கேட்டாயாம். இன்று கூப்பிட்டபோது நீ போனை எடுக்காததிலேயே கோபம் எத்தனை டிகிரி என்று தெரிந்துவிட்டது. போனில் சொன்னால் பாதியில் புகுந்து சண்டைக்கு வருவாய். அதனால்தான் கடிதம். வியாழக்கிழமை ஊருக்கு வருகிற பையனிடம் பேரீச்சம்பழத்தோடு கொடுத்தனுப்புகிறேன். முதலில் கடிதத்தைப் படி, பிறகு பழத்தைப் பிரி.

ஞாயிறு ஏன் ஒழியவில்லை என்று சொல்கிறேன். இந்த நாட்டில் 2022 ஜனவரியிலிருந்து மத்திய அரசு அலுவலகங்களுக்கு நாலரை நாள்தான் வேலை. வெள்ளி மதியத்தோடு கடை கட்டிவிட்டு சனி, ஞாயிறு விடுமுறை. அதற்கு முன்னால் வெள்ளியும் சனியும், 2006க்கு முன்னால் வியாழனும் வெள்ளியும். இவர் கம்பெனியிலும் இப்போது அந்த நாலரை நாள்தான். உலகமே இதைப் பார்த்துப் பொறாமைப்பட்டது. எங்கள் வீட்டில் அந்த நாலரை நாள்தான் ஓய்வு, மிச்ச இரண்டரை நாளும் வேலை.

அதிலும் இது குளிர்காலம். மே மாதம் வந்துவிட்டால் வெளியே கால் வைக்க முடியாது. அதனால் வளைகாப்பு, பிறந்தநாள், புதுவீட்டுப் பால் காய்ச்சல், பூங்காவில் கூடிச் சாப்பிடுவது என்று வருஷத்து விசேஷம் அத்தனையும் நவம்பருக்கும் மார்ச்சுக்கும் நடுவில் வந்து குவியும். நம் ஊரில் தையில் ஒரே முகூர்த்தத்துக்கு நாலு பத்திரிகை வருமே, அதுபோல.

வெள்ளிக்கிழமை மூன்று குடும்பம் நம் வீட்டுக்குச் சாப்பிட வந்தது. ஏன் வெள்ளி என்று கேள். நீலப்பலகை வைத்த இடங்களை விட்டால் ஷார்ஜாவில் வெள்ளியன்று பார்க்கிங்குக்குக் காசில்லை. துபாயில் ஞாயிறன்று காசில்லை. ஆகவே ஷார்ஜாக்காரர்கள் விருந்து வைப்பது வெள்ளியில், துபாய்க்காரர்கள் விருந்து வைப்பது ஞாயிற்றில். நம் ஊரில் நல்ல நாள் பார்க்க ஐயரிடம் போவோம். இங்கே பார்க்கிங் பலகையைப் பார்த்தால் போதும்.

வந்தவர்கள் பதினோரு பேர். வாழை இலை, முருங்கைக்காய், சின்ன வெங்காயம் எல்லாம் லூலூ கடையில் கிடைக்கிறது. கிடைக்காதது, "நீ உக்காரு, நான் பாத்துக்கறேன்" என்று சொல்ல ஒரு ஆள். உங்கள் வீட்டு மாப்பிள்ளை உதவி செய்தார். அப்பளம் பொரித்தார். பொரித்ததைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டார். பதினோரு பேரும் கைதட்டினார்கள், பன்னிரண்டு வகை சமைத்தவளை விட்டுவிட்டு.

சனிக்கிழமை காலை அஜ்மானில் வளைகாப்பு. திண்டிவனத்துப் பெண், ஏழாம் மாதம். முன்நின்று நடத்தப் பெரியவர்கள் இல்லை. கூட்டத்தில் மூத்த சுமங்கலிக்கே வயது நாற்பத்தொன்று, அவரும் எதற்கெடுத்தாலும் போனைத் தடவி ஊரில் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் பெண்ணின் அம்மாவையே போட்டிமில் வீடியோவில் கூப்பிட்டு, போனைச் சொம்பின் மேல் சாய்த்து வைத்தோம். (இங்கே வாட்ஸ்அப்பில் எழுதலாம், போட்டோ அனுப்பலாம். கூப்பிட்டால் போகாது. போட்டிமை உன் போனில் போட்டுக்கொள் என்று ஆறு மாதமாகச் சொல்கிறேன்.) அந்த அம்மா, "முதல்ல சந்தனம்... இல்ல இல்ல, அவ நாத்தனாரைக் கூப்பிடு" என்று அதட்டிக்கொண்டிருக்கும்போதே படம் நின்றுவிட்டது, ஒரு கையைத் தூக்கியபடி. ஆசீர்வாதமா, அடியா என்று தெரியவில்லை. ஆசீர்வாதம் என்றே வைத்துக்கொண்டு வரிசையாகக் கும்பிட்டோம்.

அங்கேதான் நம் அம்மாவின் தூக்கு போனது. கல்யாணத்துக்கு அம்மா கொடுத்தாரே, திண்டிவனம் பாத்திரக்கடையில் பேர் வெட்டிக் கொடுத்தது, அதில்தான் புளிச்சோறு கொண்டுபோனேன். பாத்திரத்துக்குப் பாத்திரம் பேர் எதற்கு, திருடவா வருகிறார்கள் என்று அப்போது சிரித்தேன். இங்கே வந்து புத்தி வந்தது. இந்த ஊரில் பிளாஸ்டிக் டப்பாவுக்குச் சொந்த வீடு கிடையாது. வெறும் டப்பாவைத் திருப்பித் தருவது மரியாதைக்குறைவு. நான் அதிரசம் வைத்துக் கொடுத்தால் வாங்கியவள் அதில் பிரியாணி வைத்துத் தருவாள், பிறகு அந்த பிரியாணிக்கு நான் கடன்பட்டவள். ஊரில் மொய் நோட்டாவது பத்து வருஷத்துக்கு ஒருமுறை புரட்டுவார்கள். இங்கே வாராவாரம் கணக்குத் தீர்க்க வேண்டும்.

சாயந்திரம் துபாய் கராமாவில் ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள். ஏழு மணிக்கு என்று அழைப்பு. ஷார்ஜாவிலிருந்து துபாய்க்குள் நுழையும் சாலையில் ஒரு மணி நேரம் நின்று, குற்ற உணர்ச்சியோடு எட்டேகாலுக்குப் போனால், வீட்டுக்காரர் பனியனோடு பலூன் ஊதிக்கொண்டிருந்தார். இவருக்கும் ஒரு கட்டு பலூன் கொடுத்தார்கள். கேக் வெட்டும்போது மணி பத்தரை, பிறந்தநாள் குழந்தை தூங்கிப் போயிருந்தது.

ஞாயிறு காலை ஜெபல் அலி கோயில். முன்பு சிவன் கோயில் பர் துபாயில், கடற்கழி ஓரத்துச் சந்துக்குள் இருந்தது. பூக்காரர்கள், நெரிசல் எல்லாம் நம் ஊர்போலவே இருக்கும். 2024 தொடக்கத்தில் அதை ஜெபல் அலிக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே 2022லிருந்தே பெரிய இந்துக் கோயில் இருக்கிறது. பக்கத்திலேயே குருத்வாரா, மாதா கோயில்கள். நமக்கு ஐம்பது கிலோமீட்டர் போல. நேர்வழியில் போனால் சாலிக் என்கிற சுங்கம், ஞாயிறன்று ஒரு வளைவைத் தாண்ட நாலு திர்ஹம், நம் காசுக்குத் தொண்ணூறு ரூபாய்க்குக் குறையாது. அதைத் தவிர்க்க இவர் சுற்றுவழியில் போவார். மிச்சம் பிடித்ததைப் பெட்ரோலாக எரித்துவிட்டு, "பாத்தியா" என்பார். நம் ஊர்ப் பக்கம் பெருமுக்கல் மலையேறி முக்தியாசலேஸ்வரரைப் பார்க்க மூச்சுதான் செலவு. இங்கே மூச்சு மட்டும்தான் மிச்சம்.

மதியம் சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து ஒரு பையன் சாப்பிட வந்தான். மரக்காணம் பக்கம். ஞாயிறு ஒருநாள்தான் அவனுக்கு விடுமுறை, அதற்கும் பஸ் மாறி வர வேண்டும். ஜூன் 15லிருந்து செப்டம்பர் 15 வரை மதியம் பன்னிரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவில் வெயிலில் வேலை வாங்கக் கூடாது என்று இங்கே சட்டம் உண்டு. "அந்த ரெண்டரை மணி நேரம்தான்க்கா வருஷத்துல நல்ல தூக்கம்" என்றான். கருவாட்டுக் குழம்பை மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டான். அந்த இரண்டரை நாளில் நான் களைக்காமல் பரிமாறிய சாப்பாடு அது ஒன்றுதான்.

அவன் கிளம்பியதும், விசிட் விசாவில் வந்திருந்த பக்கத்து வீட்டு அத்தையைக் கூட்டிக்கொண்டு புர்ஜ் கலீஃபா. ஊரிலிருந்து யார் வந்தாலும் அங்கே கூட்டிப்போவது எங்கள் தலையெழுத்து. இத்தோடு பதினான்கு முறை கீழே நின்று பார்த்தாயிற்று, டிக்கெட் விலையால் ஒருமுறைகூட மேலே ஏறவில்லை. 828 மீட்டர் என்று இவர் விளக்கினார். அத்தை கழுத்தை ஒடித்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "உச்சியில கார்த்திகைக்கு தீபம் ஏத்துவாங்களா?" என்று கேட்டார். டிசம்பர் 31 ராத்திரி வாணவேடிக்கையோடு ஏற்றுவார்கள் என்று இவர் சமாளித்தார். "அப்ப சரி" என்று அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வீடு வந்து சேர பதினொன்று. அப்போது உனக்குப் பன்னிரண்டரை. எழுப்பினால் மாமா என்னைத் திட்டுவார், எழுப்பாவிட்டால் நீ திட்டுவாய். மாமாவுக்குத்தான் பயந்தேன்.

கடிதம் கொண்டுவரும் பையன் திரும்பி வரும்போது இரண்டு கிலோ மல்லாட்டை கொடுத்தனுப்பு, உடைக்காமல். அடுத்த திங்கள் ராத்திரி எட்டுக்கு, உன் கணக்கில் ஒன்பதரைக்கு, போட்டிமில் கூப்பிடுகிறேன். அதற்குள் பிள்ளைகளிடம் சொல்லி அதைப் போட்டு வை. அம்மா தூக்கைப் பற்றிக் கேட்டால் பத்திரமாக இருக்கிறது என்று மட்டும் சொல். அது அஜ்மானில் ஒரு மலையாளி வீட்டில் இருக்கிறது, அடப்பிரதமனோடு வரும் என்று செய்தி வந்திருக்கிறது.

இப்படிக்கு,
உன் தங்கை.