நாலு மணிக் கப்பல்

2023 ஜூன் 5 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து 'எம்பிரஸ்' என்ற உல்லாசக் கப்பலைக் கொடியசைத்து அனுப்பிவைத்தார்கள். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை, மறுபடி சென்னை என்பது வழித்தடம். அதன் பிறகு, கழுத்தில் அடையாள அட்டை தொங்க, தொப்பியும் தண்ணீர்ப் போத்தலுமாகத் தமிழ் பேசும் உல்லாசிகள் திருகோணமலைத் தெருக்களில் தென்படத் தொடங்கினார்கள். அப்படி ஒருவர்தான் இந்தக் கப்பல்காரர். சென்னையில் வங்கி வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். வாழ்க்கையில் முதல் கப்பல் பயணம். மற்றவர் திருகோணமலைக்காரர். மூதூருக்கு ஓடிய லோஞ்ச் படகில் கயிறு இழுத்துக்கொண்டிருந்தார். பாலங்கள் வந்து லோஞ்ச் ஓய்ந்த பிறகு ஓட்டோ ஓட்டுகிறார்.

கப்பல்காரர்: அண்ணே, கோட்டை, கோணேஸ்வரம், கன்னியா வெந்நீரூற்று, ஒரு பீச். மூணு மணி நேரத்துல எல்லாம் முடிச்சிரணும். நாலு மணிக்கு நான் கப்பலுக்குள்ள இருக்கணும்.

ஓட்டோக்காரர்: நாலு மணிக்குத் திரும்பிப் போயிடுவியளோ ஐயா? உண்மையாவோ?

கப்பல்காரர்: ஆமாங்க. நாலுன்னா நாலுதான்.

ஓட்டோக்காரர்: ஏறுங்கோ, ஏறுங்கோ. காசைப் பிறகு பேசலாம்.

(இவ்வளவு உற்சாகம் ஏன் என்று கப்பல்காரருக்குப் புரியவில்லை. சந்தேகத்தோடுதான் ஏறினார். ஓட்டோக்காரர் சிரித்தால் கட்டணம் கூடும் என்பது சென்னை அனுபவம்.)

கப்பல்காரர்: புரோகிராம்ல கன்னியாவுக்குப் பத்து நிமிஷம் போட்டிருக்காங்க.

ஓட்டோக்காரர்: அங்க ஏழு கிணறு, ஒவ்வொண்டும் ஒவ்வொரு சூடு. பத்து நிமிசமெண்டால் கிணத்துக்கு ஒண்டரை நிமிசமும் வராது. ரெண்டு வாளி அள்ளி ஊத்துறதுக்குள்ள உங்களுக்குத் துவாய் எடுக்க நேரம் காணாது. கன்னியாவை விடுங்கோ, கோட்டைக்குப் போவம்.

கப்பல்காரர்: இந்தக் கோட்டை எப்பக் கட்டினது? இந்தத் தாள்ல 'ஐரோப்பியக் கட்டடக்கலையின் சிறப்பு'ன்னு மட்டும்தான் இருக்கு.

ஓட்டோக்காரர்: 1622இல கோணேஸ்வரக் கோயிலை இடிச்சாங்கள். 1624இல அதே கல்லை எடுத்துக் கோட்டை கட்டினாங்கள். போர்த்துக்கேயன். கல்லுக்குச் செலவில்லை, கூலியாளும் எங்கட ஆக்களாத்தான் இருந்திருக்கும். சிறப்பெண்டால் அந்தச் சிறப்புத்தான். புதுவருசத்தண்டு ஐயர்மார் வேசத்தில உள்ள வந்தாங்கள் எண்டு ஒரு கதையும் இருக்கு. அண்டைக்கு அவங்களிட்ட எத்தினை மணிக்குத் திரும்பிப் போறியள் எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல. அதுதான் நான் எல்லாரிட்டயும் முதல்லயே கேக்கிறன்.

கப்பல்காரர்: அப்புறம் டச்சுக்காரங்க வந்தாங்க, இல்லையா?

ஓட்டோக்காரர்: 1639இல வந்தாங்கள். 1782ஐ மட்டும் கேளுங்கோ. ஜனவரியில இங்கிலீசு வெள்ளைக்காரன் பிடிச்சான். ஓகஸ்ட் முடிய முதல் சுஃப்ரன் எண்டொரு பிரெஞ்சுத் தளபதி வந்து பறிச்சான். பிறகு பேச்சுவார்த்தை நடத்தித் திரும்ப ஒல்லாந்தனிட்டயே குடுத்தாங்கள். 1795இல மறுபடியும் வெள்ளைக்காரன். எங்கட பூட்டனுக்குப் பூட்டன் காலையில எழும்பிக் கொடிமரத்தைப் பாத்துட்டுத்தான் அண்டைக்கு ஆருக்கு வணக்கம் சொல்லுறதெண்டு முடிவெடுத்திருப்பான்.

கப்பல்காரர்: எங்க கப்பல் பேரே எம்பிரஸ்தாங்க. சக்கரவர்த்தினி.

ஓட்டோக்காரர்: ஓம், கேள்விப்பட்டன். மகாராணி திரும்பி வந்திட்டாவோ எண்டு எனக்கு ஒரு நிமிசம் நெஞ்சு அடிச்சது.

(கோட்டை வாசலில் இறங்கினார்கள். உள்ளே இப்போதும் இராணுவம்தான். புள்ளிமான்கள் யாரையும் சட்டை செய்யாமல் திரிகின்றன. இந்தக் கோட்டையில் அனுமதி கேட்காமல் நடமாடுவது அவை மட்டும்தான். கப்பல்காரர் செல்ஃபி எடுக்கக் கையை நீட்டியபோது, மற்றக் கையிலிருந்த நிகழ்ச்சி நிரலின் பாதியை ஒரு மான் மென்றுவிட்டது. கடற்கரை போனது. கன்னியா ஏற்கெனவே போய்விட்டது.)

கப்பல்காரர்: அய்யோ! பிற்பகல் புரோகிராம் பூரா போச்சே!

ஓட்டோக்காரர்: விடுங்கோ ஐயா. எங்கட பாராளுமன்றத்தில போட்ட எத்தினையோ திட்டத்தை மான் இல்லாமலே திண்டுட்டாங்கள். மேல ஏறுவம்.

(கோணேஸ்வரம். சுவாமி மலையின் உச்சியில் கடற்காற்று தொப்பியைப் பிடுங்கப் பார்த்தது. கப்பல்காரர் கும்பிட்டு, திருநீறு பூசி, கீழே கடலைப் பார்த்தார்.)

கப்பல்காரர்: திருஞானசம்பந்தர் பாடின தலம். எனக்குப் புல்லரிக்குது.

ஓட்டோக்காரர்: அவர் ராமேசுவரத்தில நிண்டபடியே பாடினவர் எண்டுதான் சொல்லுவினம். கப்பலுமில்ல, டிக்கட்டுமில்ல, நாலு மணியுமில்ல.

கப்பல்காரர்: இந்த ஹார்பர் என்ன அழகுங்க! உள்ள நுழையும்போது டெக்குல நின்னு பார்த்தேன். மலை, தீவு, மறுபடி மலை. உலகத்துலயே பெரிய இயற்கைத் துறைமுகங்கள்ல ஒண்ணாம். நீங்க குடுத்துவச்சவங்க.

ஓட்டோக்காரர்: குடுத்துவைச்சனாங்கள்தான். வைச்சதை எடுக்கத்தான் ஏலாது. அந்தா, அந்தப் பக்கம் முழுக்க டொக்யாட். முந்தி பிரித்தானியக் கடற்படை, இப்ப எங்கட கடற்படை. பிறந்ததில இருந்து பாக்கிறன், மதிலைத்தான் பாக்கிறன். நீங்கள் காலமை ஒருக்கா வந்து, நான் அறுபது வருசமாப் பாக்காத மூலையெல்லாம் படம் பிடிச்சிட்டியள். அந்தப் படத்தை எனக்கும் வட்ஸ்அப்பில அனுப்புங்கோ.

கப்பல்காரர்: அனுப்புறேன். அது என்ன, காட்டுக்குள்ள எண்ணெய்த் தொட்டிகள் இருக்காமே?

ஓட்டோக்காரர்: இப்ப 99 தாங்கி. வெள்ளைக்காரன் கட்டினது. 1942 ஏப்ரல் 9 ஜப்பான்காரன் வந்து குண்டு போட்டான். மிச்சத்தை 2022 ஜனவரியில பங்கு பிரிச்சாச்சு. உங்கட ஆக்களுக்கு 14, எங்கட கூட்டுத்தாபனத்துக்கு 24, ரெண்டு பேரும் சேந்து 61. கணக்குச் சரியோ? நீங்கள் பாங்கில இருந்தனீங்கள்.

கப்பல்காரர்: (விரலால் கூட்டி) 99. சரியா இருக்கு.

ஓட்டோக்காரர்: கணக்கு எப்பவும் சரிதான். அதே வருசம் நடுப்பகுதியில பெற்றோலுக்கு ஓட்டோவோட இரவு பகலா வரிசையில நிண்டனான். பிறகு கியூஆர் எண்டு ஒரு கட்டம் கட்டமான படம் தந்தாங்கள், ஓட்டோவுக்குக் கிழமைக்கு அஞ்சு லீற்றர். 99 தாங்கியுள்ள ஊரில ஓட்டோவைத் தள்ளிக்கொண்டு போனவன் நான்.

(இங்கே கப்பல்காரர் பேச்சை மாற்றியது நாகரிகம் கருதித்தான் என்று நினைக்கிறேன்.)

கப்பல்காரர்: நீங்க எப்பவாவது இந்த மாதிரி குரூஸ் போயிருக்கீங்களா அண்ணே?

ஓட்டோக்காரர்: போயிருக்கிறன். நாளைக்கு நீங்கள் போற அதே பாதைதான். திருகோணமலை, காங்கேசன்துறை.

கப்பல்காரர்: அட! எந்த கம்பெனி?

ஓட்டோக்காரர்: யுத்தம். 2006 ஓகஸ்டில ஏ9 றோட்டைப் பூட்டினாங்கள். யாழ்ப்பாணத்துக்குப் போறதெண்டால் பிளேன், இல்லாட்டி இங்க இருந்து கப்பல். மனிசியின்ர தாய்க்கு ஏலாமல் வந்திட்டுது, போகத்தான் வேணும். பதிவு, அனுமதி, நாள்க்கணக்கா லொட்ஜில காத்திருப்பு. உங்களுக்குப் பையை ஸ்கான் பண்ணி ஜூஸ் தந்திருப்பினம், என்ன?

கப்பல்காரர்: வெல்கம் டிரிங்க். ஆமா.

ஓட்டோக்காரர்: எங்கட பையைத் தலைகீழாக் கொட்டினாங்கள். பற்பசையை அமத்திப் பாத்தாங்கள். பிறகு இரவு முழுக்கக் கடல். சத்தியெடுக்கிறதுக்கு ஷொப்பிங் பை. அந்த நேரம் ஓடின ஒரு கப்பலுக்குப் பேர் கிரீன் ஓஷன். பேரைக் கேட்டால் நீச்சல்குளம் இருக்குமெண்டு நினைப்பியள். 2009இல அதே கப்பல்தான் செஞ்சிலுவைக்காக மாத்தளனில இருந்து காயப்பட்ட சனத்தை இங்க ஏத்திக்கொண்டு வந்தது.

(கப்பல்காரர் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து, குடிக்காமல் மூடினார்.)

ஓட்டோக்காரர்: 'குரூஸ்' எண்ட சொல்லையே நான் முதல் கேட்டது 2006 மே மாதத்தில. பேர்ல் குரூஸ் எண்டொரு கப்பல், 710 படையாக்களோட காங்கேசன்துறைப் பக்கம் போகேக்க கடற்புலிகள் அடிக்கப் போனாங்கள். கப்பல் தப்பிட்டுது. அதில பபே இருந்ததோ எண்டு எனக்குத் தெரியாது.

கப்பல்காரர்: எங்க கப்பல்ல நாலு வேளையும் பபேதான். அதனாலதான் வெளியில எதுவும் சாப்பிடறதில்ல.

ஓட்டோக்காரர்: பாத்தன். காலமையில இருந்து வந்த ஆக்கள் ஒரு தேத்தண்ணியும் குடிக்கேல்ல. தேத்தண்ணிக் கடைக்காரன் பாவம், சக்கரவர்த்தினி வாறா எண்டு வடை கூடச் சுட்டு வைச்சவன்.

(வழியில் அந்தக் கடையில் ஓட்டோ தானாக நின்றது. கப்பல்காரர் இரண்டு உளுந்து வடை வாங்கினார். இந்திய ரூபாயை இலங்கை ரூபாயாக மாற்றிக் கணக்குப் பார்த்ததும் மூன்றாவதும் வாங்கினார். கண்ணுக்கெட்டிய தூரத்தில் கொட்டியாரக்குடா.)

கப்பல்காரர்: அந்தப் பக்கம் என்ன ஊரு?

ஓட்டோக்காரர்: மூதூர். உங்களைப் போல ஒரு உல்லாசி அங்க இறங்கினவர். ரொபேர்ட் நொக்ஸ். வெள்ளைக்காரற்ற கப்பல், மசூலிப்பட்டினத்தில புயல் அடிச்சுப் பாய்மரத்தை இழந்திட்டுது. மரம் வெட்டிப் பூட்டிக்கொண்டு போவமெண்டு இந்தக் குடாவுக்க வந்தினம். 1660இல கண்டி ராசாவின்ர ஆக்கள் அவரையும் தகப்பனையும் பிடிச்சுக்கொண்டு போட்டினம். தகப்பன் காய்ச்சலில செத்துப்போனார். மகன் தப்பி ஓட 19 வருசம்.

கப்பல்காரர்: பத்தொன்பது வருஷமா! கப்பல் காத்திருந்துதா?

ஓட்டோக்காரர்: உங்கட கப்பல் எவ்வளவு நேரம் நிக்கும்?

(கப்பல்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நாற்பது. வடை தொண்டையில் நின்றது.)

கப்பல்காரர்: விடுங்க வண்டிய! விடுங்க!

(துறைமுக வாசலுக்கு வந்தபோது மூன்று ஐம்பத்திரண்டு. கேட்டதைவிட இருநூறு ரூபாய் கூடவே கொடுத்தார். ஓட்டோக்காரர் ஐம்பதைத் திருப்பிக் கொடுத்தார். ஏன் ஐம்பது என்று இருவருக்கும் தெரியாது.)

கப்பல்காரர்: ஏன் இன்னும் நிக்கிறீங்க? வேற சவாரி பார்க்கலையா?

ஓட்டோக்காரர்: நீங்கள் உள்ளுக்க போறதைப் பாத்துட்டுப் போறன். கப்பலில வந்தவன் சொன்ன நேரத்துக்குத் திரும்பிப் போறதை எங்கட பரம்பரையில ஒருத்தரும் கண்ணால கண்டதில்ல.

கப்பல்காரர்: (சிரித்து, உள்ளே போய், திரும்பி) அண்ணே! ஊரு ரொம்பப் பிடிச்சுப்போச்சு! அடுத்த முறை வந்து இங்கயே தங்கிடலாமான்னு பாக்கறேன்!

ஓட்டோக்காரர்: (ஓட்டோவை முறுக்கியபடி) தங்கிறதெண்டால் பிளேனில வாங்கோ ஐயா!