மணிக்கு 300 கன அடி

ஹூஸ்டன்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தைக்கு முழங்கால் வலி தேவலையா? தைலம் அடுத்த பார்சலில் வருகிறது.

"ஜெனரேட்டர் வந்து இறங்கி எவ்வளவு நாளாச்சு, இன்னும் ஏன் ஓட்டலை?" என்று போனில் கேட்டீர்கள். நான் வாயைத் திறப்பதற்குள் "கேஸ் பிரஷர் என்ன வருது?" என்றும் கேட்டீர்கள். குத்தாலம் கேஸ் டர்பைன் நிலையத்தில் இருந்து ரிட்டயர் ஆனவருக்கு முதலில் அதுதான் தோன்றும். எங்களுக்கு ஜெனரேட்டரை விற்றவருக்கு அது கடைசிவரை தோன்றவே இல்லை. பெட்டி எந்த நிறத்தில் வேண்டும், போனில் ஆப் போட்டுத் தரட்டுமா, பணம் தவணையிலா மொத்தமாகவா என்றெல்லாம் அக்கறையாக விசாரித்தார். கேஸைப் பற்றிக் கேட்டது இவ்வளவுதான்: "வீட்டில் கேஸ் லைன் இருக்கிறதல்லவா?" இருக்கிறது என்றோம். "அப்புறம் என்ன!" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அமெரிக்காவில் கரண்ட் கட்டா என்று அத்தை இன்னும் நம்பவில்லை. அவர்களுக்கு நீங்கள்தான் விளக்க வேண்டும். டெக்சாஸ்காரர்கள் மற்ற மாநிலங்களோடு பெரிதாகச் சேராமல் தனி கிரிட் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். 2021 பிப்ரவரியில் பனிப்புயல் வந்தபோது 45 லட்சம் வீடுகளும் கடைகளும் இருளில் கிடந்தன. இன்னும் 4 நிமிடம் 37 விநாடி தாமதித்திருந்தால் கிரிட் மொத்தமும் விழுந்திருக்கும் என்று அதை நடத்துகிறவர்களே பிறகு சொன்னார்கள். உங்களுக்குச் சிரிப்பு வரக்கூடிய இடம் இனிமேல்தான். குளிரில் கேஸ் கிணறுகள் உறைந்தன. லோடைக் குறைக்கிறோம் என்று மின்சாரத்தை வெட்டியபோது, கேஸைத் தள்ளிவிடும் கம்ப்ரசர்கள் சிலவற்றுக்கும் சேர்த்து வெட்டிவிட்டார்கள். முக்கியமான லோடு என்ற பட்டியலில் அவற்றை யாரும் பதிவு செய்து வைக்கவில்லையாம். கரண்ட் இல்லாமல் கேஸ் இல்லை, கேஸ் இல்லாமல் கரண்ட் இல்லை. உங்கள் ஷிப்டில் இப்படி நடந்திருந்தால் எத்தனை பேருக்கு மெமோ பறந்திருக்கும்!

அடுத்தது 2024 ஜூலை 8, பெரில் புயல். ஹூஸ்டன் பகுதியில் மட்டும் 20 லட்சத்துக்கும் மேலான இணைப்புகள் போயின. இந்த முறை குளிர் இல்லை, நம் ஊர் சித்திரையும் தோற்கும் புழுக்கம். எந்தத் தெருவில் கரண்ட் வந்தது என்று பார்க்க மின் கம்பெனியின் வரைபடமும் வேலை செய்யவில்லை. ஜனங்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வாட்டாபர்கர் என்று இந்த ஊரில் மூலைக்கு மூலை ஒரு பர்கர் கடை. அதன் ஆப்பில் எந்தக் கிளை திறந்திருக்கிறது என்று காட்டும். கடை திறந்திருந்தால் அந்தப் பக்கம் கரண்ட் இருக்கிறது என்று கணக்குப் போட்டு ஊரே அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஃப்ரிட்ஜில் இருந்த இட்லி மாவு பொங்கி வழிந்த அன்றுதான் உங்க மாப்பிள்ளை ஜெனரேட்டர் என்று பேச ஆரம்பித்தார்.

வாங்கியது 22 கிலோவாட். அதாவது அட்டைப் பெட்டியில் 22. உள்ளே புத்தகத்தில் சின்ன எழுத்தில், அது புரோபேனில் ஓட்டினால்தான், குழாயில் வரும் இயற்கை எரிவாயுவில் 19.5 என்று போட்டிருக்கிறது. குத்தாலத்தின் 101 மெகாவாட்டில் ஐயாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் அதைவிட அதிகம் காகிதம் கேட்கிறது.

சிமென்ட் பலகை மேல் அதை இறக்கி வைத்துவிட்டுப் போன பிறகு பிளம்பர் வந்தார். வயதானவர், நிதானம். கேஸ் வேலைக்கு இங்கே லைசென்ஸ் உள்ள பிளம்பர்தான் கை வைக்க வேண்டும். அவர் ஜெனரேட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே மீட்டரிடம் போய், தகட்டில் படிந்திருந்த தூசியைக் கட்டைவிரலால் துடைத்துவிட்டு, குனிந்து படித்தார். "250" என்றார். குரலில் இழவு வீட்டுத் தோரணை.

பிறகு குப்பையில் போட வைத்திருந்த பீட்ஸா அட்டையைத் திருப்பி அதில் கணக்குப் போட்டார். இந்த மீட்டர் மணிக்கு 250 கன அடி கேஸ் விடும். ஒரு கன அடியில் சுமார் ஆயிரம் பி.டி.யு. வெப்பம். வீட்டைச் சூடாக்க மாடிக்கும் கீழுக்கும் தனித்தனி ஃபர்னஸ், சேர்ந்து 1,20,000. வெந்நீர் ஹீட்டர் 40,000. அடுப்பு 60,000. ஆக 220 கன அடி வீட்டுக்கே போய்விடுகிறது. ஜெனரேட்டர் முழு லோடில் ஓடினால் அது மட்டும் 300 கன அடிக்கு மேல் குடிக்கும். நம் வீட்டு 14.2 கிலோ சிலிண்டரை மாட்டினால் இரண்டு மணி நேரம் வந்தாலே அதிகம். இதை அத்தையிடம் சொல்லிவிடாதீர்கள். ஒரு சிலிண்டரை ஒன்றரை மாதம் ஓட்டுகிறவர்கள், மனசு தாங்காது.

அது மீட்டர் கதை. குழாய்க் கதை அதைவிடப் பெரிது. மீட்டர் வீட்டுக்கு இந்தக் கோடியில், மெயின் போர்டு அந்தக் கோடியில், ஜெனரேட்டர் போர்டுக்குப் பக்கத்தில். நடுவே 80 அடி. டிரான்ஸ்ஃபார்மரில் இருந்து கடைசி வீட்டுக்குப் போகும்போது வோல்டேஜ் படுத்துவிடும் அல்லவா, கேஸும் அப்படித்தான். நீளம் கூடக் கூட அழுத்தம் இறங்கும். ஒவ்வொரு எல்போவையும் இத்தனை அடி என்று நீளத்தில் சேர்த்துக் கணக்கிட வேண்டும். விற்றவர் அனுப்பிய ஆள் முக்கால் அங்குலக் குழாயே போதும் என்று எழுதி வைத்திருந்தார். பிளம்பர் தன் பையில் இருந்து அழுக்கேறிய அட்டவணையை எடுத்துக் காட்டினார். 80 அடிக்கு முக்கால் அங்குலத்தில் மணிக்கு 120 கன அடிகூட வராது. ஒரு அங்குலத்தில் 220. ஒன்றேகால் அங்குலத்தில் 450. கால் அங்குலம் கூட்டினால் இரட்டிப்பு! உங்க மாப்பிள்ளை பொறியியல் படித்தவர், அட்டவணையை வாங்கி மூன்று தரம் பார்த்தார்.

அழுத்தமும் பெரிய அழுத்தம் ஒன்றும் இல்லை. வீட்டுக்குள் வருவது 7 அங்குல நீர் உயரம், ஒரு சதுர அங்குலத்துக்குக் கால் பவுண்டு. சின்னவன் பலூன் ஊதினால் அதைவிட அதிகம் வரும். எங்கள் இயந்திரத்துக்கு அது மூன்றரைக்குக் கீழே போகக் கூடாது. போனால், புயல் நடுவே ஏ.சி. கிளம்பும் நேரம் பார்த்து இஞ்சின் இருமிவிட்டு நின்றுவிடும். சும்மா இருக்கும்போது அளந்தால் எல்லார் வீட்டிலும் 7 காட்டும். அதை வைத்துத்தான் விற்கிறவர்கள் பிழைக்கிறார்கள் என்பது என் கட்சி.

பிறகு வரிசை ஆரம்பித்தது. பெரிய மீட்டர் கேட்டு கேஸ் கம்பெனிக்கு விண்ணப்பம். மாநகராட்சி பெர்மிட் கேஸுக்கு ஒன்று, மின்சாரத்துக்கு ஒன்று. தோண்டுவதற்கு முன்னால் 811க்குப் போன் செய்ய வேண்டும்; காசு கிடையாது, ஆட்கள் வந்து மண்ணுக்குள் எது எங்கே போகிறது என்று புல்வெளியில் கொடி நட்டுவிட்டுப் போவார்கள். மின்சாரத்துக்குச் சிவப்பு, கேஸுக்கு மஞ்சள், குடிநீருக்கு நீலம், சாக்கடைக்குப் பச்சை, டெலிபோனுக்கு ஆரஞ்சு. நல்ல ஏற்பாடுதான், நம் ஊரில் ஜே.சி.பி.காரர்களுக்கு இதைக் கட்டாயமாக்கலாம். என்ன, சின்னவன் ஒரு நீலக் கொடியைப் பிடுங்கிக்கொண்டு தெருவெல்லாம் ஓடினான். அது எங்கே நட்டிருந்தது என்று தெரியாமல் மறுபடி 811.

பள்ளத்தில் மஞ்சள் பிளாஸ்டிக் குழாய் போட்டு, கூடவே ஒரு கம்பியும் ஓட்டினார்கள். பிளாஸ்டிக்கைக் கருவி கண்டுபிடிக்காது, நாளைக்குத் தேடுகிறவனுக்குக் கம்பி வேண்டும் என்றார் பிளம்பர். குழாய் முழுக்கக் காற்றடைத்து, கேஜ் மாட்டி, முள் அசையாமல் நிற்கிறதா என்று மாநகராட்சி இன்ஸ்பெக்டர் பார்த்தார். முள் அசையவில்லை. ஆனால் அவருக்கு வேறு ஒன்று கண்ணில் பட்டது. ஜெனரேட்டரோடு சேரும் வளையும் குழாயை உதவியாள் பையன் அழகாக வளைத்து மாட்டியிருந்தான். நேராகத்தான் இருக்க வேண்டும் என்று புத்தகத்தில் உள்ளது, இஞ்சின் அதிர்வில் வளைந்த இடம் விரிசல் விடும். கழற்றி மாட்டச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த மனிதர் மேல் எனக்கு மரியாதைதான் வந்தது.

மின்சாரப் பக்கம் உங்கள் மனசு குளிரும்படி நடந்தது. நம் சேஞ்ச் ஓவர் சுவிட்சேதான், கையால் தள்ள வேண்டியதில்லை, தானே மாறும். லைன் கரண்ட்டும் ஜெனரேட்டர் கரண்ட்டும் ஒரே நேரத்தில் சேரவே முடியாது. ரிட்டர்ன் கரண்ட் போய் கம்பத்தில் இருக்கும் ஆளைத் தொடாது. நீங்கள் லைனில் இருந்த காலத்தில் சொன்ன கதைகளை எலக்ட்ரீஷியனிடம் சொன்னேன், அவரும் தன் பங்குக்கு இரண்டு சொன்னார்.

இன்ஸ்பெக்டர் சம்மதித்துப் பச்சைச் சீட்டு ஒட்டிய பிறகுதான் கேஸ் கம்பெனி வந்து 630 கன அடி மீட்டர் மாட்டியது. மாற்றும்போது லேசாக அழுகல் வாடை அடித்தது. கேஸுக்கு இயல்பில் வாடை கிடையாது, அது கலப்பது. 1937 மார்ச் 18ஆம் தேதி இதே டெக்சாஸில் நியூ லண்டன் என்ற ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கசிந்த கேஸ் வெடித்து, பிள்ளைகளும் ஆசிரியர்களுமாக ஏறக்குறைய 300 பேர் போய்விட்டார்கள். செலவை மிச்சப்படுத்த எண்ணெய் வயல் குழாயிலிருந்து நேரடியாக இழுத்திருந்தார்களாம். அதன் பிறகுதான் வாடை சேர்க்கச் சட்டம் வந்தது. பிளம்பர் இதைச் சொல்லிக்கொண்டே ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பார்த்தார். சிலிண்டர் மாற்றும்போது அத்தை செய்வதேதான்.

கடைசிப் பரீட்சையைத்தான் நீங்கள் நேரில் பார்த்திருக்க வேண்டும். எல்லாம் ஒன்றாக எரியும்போது அளந்தால்தான் அளவு என்று பிளம்பர் பிடிவாதம். வெளியே 97 டிகிரி. மாடியில் ஃபர்னஸைப் போட்டோம், கீழே ஏ.சி.யைப் போட்டோம். அடுப்பில் எல்லா பர்னரும், வெந்நீர்க் குழாய் எல்லாம் திறந்து, ஓவன், டிரையர். மாமியார் மாடியிலிருந்து வியர்த்து இறங்கி வந்து, "யாருக்குடி குளிருது?" என்றார்கள். மெயினை இறக்கினார் எலக்ட்ரீஷியன். பத்து விநாடி போல் இருட்டு, பிறகு ஜெனரேட்டர் உறுமிக்கொண்டு எழுந்தது. பிளம்பர் பார்த்தது மீட்டரையும் இல்லை, இயந்திரத்தையும் இல்லை. கையிலிருந்த, அழுத்தம் அளக்கும் யூ குழாயில் நின்ற நிறத் தண்ணீரை. ஏழிலிருந்து இறங்கி, ஆறுக்குச் சற்றுக் கீழே வந்து நின்றது. உங்கள் கேள்விக்குப் பதில் அதுதான் மாமா, முழு லோடில் 5.8.

இப்போது சனிக்கிழமை தோறும் காலையில் கொஞ்ச நேரம் தானே ஓடிப் பார்த்துக்கொள்கிறது. அதற்குள் குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம். ஜெனரேட்டர் வைக்கக் கூடாது என்று அவர்கள் சொல்ல முடியாது, 2015இல் சட்டமே வந்துவிட்டது. ஆனால் தெருவிலிருந்து தெரிந்தால் மறைக்கச் சொல்லலாம். சொல்லிவிட்டார்கள். புத்தகமோ, முன்னால் மூன்று அடிக்கு ஒன்றும் இருக்கக் கூடாது, சூடான காற்று போக வேண்டும் என்கிறது. மூன்று அடி தள்ளிச் செம்பருத்தி வேலி வைக்கலாம் என்று உங்க மாப்பிள்ளை சொல்கிறார், மாமியார் பூஜைக்கும் ஆகுமாம். அந்த அனலுக்குச் செம்பருத்தி தாங்குமா, அரளிதான் சரியா என்று அத்தையைக் கேட்டு எழுதுங்கள். சங்கம் கொடுத்த கெடு மாத முடிவு வரை.

அன்புடன்,
உங்கள் மருமகள்