நாமக்கல் ரிட்டர்ன்

வயது முப்பத்தைந்தைத் தொட்டுவிட்டது. முன்னந்தலை முடி போனது, முதல் கம்பெனி போனது, ஆசையாய் வாங்கிய பைக்கும் போனது. எல்லாவற்றையும் மறந்துவிட்டார். பிளஸ் டூ கெமிஸ்ட்ரியில் போன அந்த ஒரு மார்க்கை மட்டும் மறக்கவில்லை. "நூத்தித் தொண்ணூத்தி ஒம்பதுங்க. ரீடோட்டல் போட்டனுங்க, ஏறலை" என்பார், துக்கம் விசாரிக்க வந்தவரிடம் பேசுகிற குரலில்.

பத்தாம் வகுப்பில் 500க்கு 480 எடுத்த பாவத்துக்காக, ராமநாதபுரத்திலிருந்து டிரங்குப் பெட்டியும் பக்கெட்டுமாக நாமக்கல் பக்கத்து ஹாஸ்டல் பள்ளி ஒன்றுக்கு அனுப்பப்பட்டவர் இவர். மார்க் குறையக் குறைய ஃபீஸ் ஏறும். இன்னும் குறைந்தால் வாட்ச்மேனே கேட்டைத் திறக்கமாட்டார். சிலபஸில் இல்லாமல் அங்கே இவர் கற்றுக்கொண்ட ஒரே பாடம் கொங்குத் தமிழ். ஊருக்குப் போய் அப்பாவிடமே "சொல்லுங்க" என்றபோது, பையனுக்கு மரியாதை வந்துவிட்டது என்று வீடே நெகிழ்ந்தது.

அந்தப் பள்ளிகளைப் பலரும் பிராய்லர் பள்ளி என்று கேலி செய்வார்கள். இவரிடம் சொல்லிப் பாருங்கள், கோபமே வராது. "பிராய்லர் பல்லடம் பக்கமுங்க. நாமக்கல்ல முட்டைக்கோழி, லேயர்" என்று திருத்துவார். தகவல் சரி. கேலி மட்டும் எங்கோ போய்விடும்.

காலையில் ஐந்து மணிக்கு எழுந்துவிடுவார், அலாரம் இல்லாமல், ஞாயிற்றுக்கிழமையும்கூட. எழுந்து செய்வதற்கு ஒன்றும் கிடையாது. கட்டிலில் உட்கார்ந்து சுவரைப் பார்ப்பார். ஸ்டடி ஹவர் முடிந்த வருஷம் எதுவென்று உடம்புக்கு யாரும் சொல்லவில்லை. சாப்பாடு ஐந்து நிமிஷத்தில் முடியும். தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வரிசையில் அடுத்த ஆளுக்கு வழிவிடுவார். வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

எதைக் கேட்டாலும் பாயின்ட் பாயின்டாகத்தான் பதில். சாம்பார் எப்படி என்று மனைவி கேட்டால், உப்பு, புளி, பருப்பு என்று தனித்தனியாகச் சொல்லி, கடைசியில் பயன்களையும் சேர்ப்பார். கீ வேர்டு விட்டுப்போனால் மார்க் போய்விடும் என்ற பயம்தான். வான் டி கிராஃப் மின்னியற்றியைக் கண்ணை மூடிக்கொண்டு வரைவார், பாகம் குறித்து. வீட்டில் ஃபியூஸ் போனால் எலக்ட்ரீஷியன்தான் வரவேண்டும். வந்தவர் பக்கத்தில் நின்று தத்துவம், அமைப்பு, செயல்பாடு மூன்றையும் விளக்குவார். எலக்ட்ரீஷியன் கூலியோடு ஐம்பது ரூபாய் சேர்த்துக் கேட்பார், நியாயம்தான்.

இவரிடம் ஒரு ஓட்டை உண்டு. அதன் பெயர் பிளஸ் ஒன். சேர்ந்தது பிளஸ் ஒன்னில்தான், ஆனால் படிக்கவில்லை. அன்றைக்கு அதற்குப் பொதுத்தேர்வு கிடையாது. தேர்வில்லாத பாடத்தை மெனக்கெட்டு நடத்த அந்த நிர்வாகம் என்ன தர்ம சத்திரமா? முதல் நாளே பிளஸ் டூ புத்தகம் கைக்கு வந்தது, இரண்டு வருஷமும் அதேதான். நுண்கணிதத்தில் அடிப்படை பிளஸ் ஒன் புத்தகத்தில், பயன்பாடுகள் பிளஸ் டூ புத்தகத்தில். ஆகவே இவருக்குப் பயன்பாடு அத்துப்படி. எதைப் பயன்படுத்துகிறோம் என்பதுதான் தெரியாது. கிண்டி பொறியியல் கல்லூரியில் முதல் செமஸ்டர். "இதெல்லாம் பிளஸ் ஒன்லயே படிச்சிருப்பீங்க" என்று கணக்கு ஆசிரியர் தாண்டிப் போனபோது, வகுப்பில் இருந்த உயர்ந்த கட் ஆஃப்கள் பலவும் சேர்ந்தாற்போல் மின்விசிறியைப் பார்த்தன.

கட் ஆஃப் என்றதும் ஞாபகம் வருகிறது. கணக்கு மார்க்கைப் பாதியாக்கி, பிசிக்ஸையும் கெமிஸ்ட்ரியையும் நாலால் வகுத்துக் கூட்டினால் 200. கெமிஸ்ட்ரியில் ஒன்று போனால் கட் ஆஃபில் குறைவது கால். இவருடையது 199.75. கேட்ட கல்லூரி, கேட்ட பிரிவு கிடைத்தது. அந்தக் கால் மார்க்கால் போனது ஒன்றுமில்லை, ரிசல்ட் அன்று பேப்பரில் வந்த பள்ளி விளம்பரத்தில் இவர் போட்டோ ஸ்டாம்ப் அளவுக்குச் சுருங்கியதைத் தவிர. அந்த விளம்பரம் இன்னும் லேமினேஷனில் இருக்கிறது.

2017இல் ரேங்க் பட்டியல் வெளியிடுவதை அரசு நிறுத்தியது. பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வைத்தது. 1200 மார்க் 600 ஆனது. நீட் வந்ததும் அதே வட்டாரக் கட்டடங்களில் நீட் கோச்சிங் போர்டு ஏறியது. எதையும் இவர் ஏற்றுக்கொள்ளவில்லை. "ஐநூத்தி எம்பதுன்னு சொல்றானுங்க. பாஸா ஃபெயிலான்னு எப்படிங்க தெரிஞ்சுக்கறது?"

நானும் அதே பள்ளிதான், பி செக்ஷன். அதனால் என் சாட்சியம் அவரிடம் செல்லாது. மார்க் வாரியாகப் பிரித்த செக்ஷன்கள் இன்று வாட்ஸ்அப் குரூப்புகளாகப் பிரிந்திருக்கின்றன. ஏ செக்ஷன் குரூப்பில் எங்களைச் சேர்ப்பதில்லை. இருந்தாலும் ஒருமுறை கேட்டேன்: "ஊர் ஊராப் போய் 480 எடுத்தவனாப் பாத்துப் பொறுக்கி எடுத்தாங்க. அவன் 1180 எடுத்தான். இதுல பள்ளிக்கூடம் என்னங்க பண்ணுச்சு?" வெகுநேரம் யோசித்தார். பிறகு, "இது புக் பேக்ல இல்லைங்களே" என்றார்.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் விசிட்டிங் ஞாயிறுகளில் தூக்குவாளியில் மீன்குழம்போடு இரவு பஸ்ஸில் வந்து, மரத்தடியில் போர்வை விரித்து, குழம்பை ஊற்றும் முன்பே "எத்தனாவது ரேங்க்?" என்று கேட்ட அவர் அப்பாவை நான் பார்த்திருக்கிறேன். நிலத்தை அடகு வைத்த மனிதருக்கு அந்தக் கேள்வியைக் கேட்க உரிமை இருந்தது. பையனுக்குப் பசிக்கவும் உரிமை இருந்தது. இரண்டு பேரையும் அந்த மரத்தடியில் கொண்டுவந்து உட்கார வைத்த வியாபாரத்தின் மேல்தான் எனக்கு இன்றும் ஆத்திரம்.

உங்கள் பிள்ளை பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்திருந்தால், தயவுசெய்து இவரிடம் யோசனை கேட்காதீர்கள். "அது ஜெயிலுங்க, அனுப்பிறாதீங்க" என்று அரை மணி நேரம் கண்கலங்கப் பேசுவார். நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது, பின்னாலேயே வந்து அட்மிஷன் ஆபீஸ் நம்பரைக் கொடுத்துவிடுவார்.