பக்கத்தில் நிற்பவர்

1988இல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது சர்க்கார் எனக்குக் கொடுத்தது ஒரு ஸ்பிரிங் தராசு, குழந்தையைத் தொங்கவிட ஒரு துணித்தூளி, ஊசியைக் கொதிக்கவைக்க ஒரு ஸ்டவ், அப்புறம் ரிஜிஸ்டர்கள். ரிஜிஸ்டர் எத்தனை என்று சொல்ல மாட்டேன். எத்தனை சொன்னாலும் கூட வேலை பார்த்தவர்கள், "ரெண்டைக் குறைச்சுச் சொல்லிட்டீங்கக்கா" என்பார்கள். தருமபுரி மாவட்டத்தில் ஒரு துணை சுகாதார நிலையம், ஐயாயிரம் சொச்சம் ஜனம். பதவியின் பெயர் கிராம சுகாதாரச் செவிலியர். அந்தப் பெயரை வேலை ஆர்டரில் ஒருமுறையும் பென்ஷன் தாளில் ஒருமுறையும் பார்த்தேன். நடுவில் 36 வருடம் நர்சம்மாதான்.

ஆராய்ச்சி என்ற வார்த்தையெல்லாம் அப்போது எங்கள் காதில் விழாது. ஆராய்ச்சி செய்கிறவர்கள் டில்லியிலும் மும்பையிலும் ஜெனீவாவிலும் உட்கார்ந்து எண்களைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். கூட்ட வேண்டிய எண்கள் எங்கிருந்தோ வர வேண்டும் அல்லவா? அந்த 'எங்கிருந்தோ' என்கிற ஊரில்தான் எனக்குப் போஸ்டிங்.

எண் எப்படி வந்தது என்று சொல்கிறேன். வீட்டுக்குள் நுழைந்ததும் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போடுவார்கள். கர்ப்பிணி தூணில் சாய்ந்து நிற்பாள். "எத்தனை மாசம் கண்ணு?" என்று அவளைப் பார்த்துக் கேட்பேன். "அஞ்சு முடியுது" என்பார் மாமியார். "சத்து மாத்திரை சாப்பிடறியா?" "அதெல்லாம் தவறாம முழுங்குது." "பசி, தூக்கமெல்லாம்?" "அதுக்கு என்ன கொறச்சல்? எல்லாம் நல்லாத்தான் இருக்கு." நான் எழுதிக்கொள்வேன். அந்தப் பெண்ணின் பெயருக்கு நேராக, மாமியார் நினைத்த உடல்நிலை பதிவாகும். இப்படி எத்தனை பக்கம் எழுதினேன் என்று நினைத்தால், டில்லியில் கூட்டிப் பார்த்தவர்கள் மேல் எனக்கு இரக்கமே வருகிறது.

மாத்திரை விஷயத்தில் மட்டும் ஒரு வழி இருந்தது. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுத்துப் போகும். ஒருநாள் வழக்கம்போல மாமியார் "தவறாம முழுங்குது" என்றதும், "வெளியே போறது என்ன நிறத்துல போகுது?" என்று கேட்டேன். மாமியார் வாயைத் திறந்தார், மூடினார். எவ்வளவு பெரிய மாமியாரானாலும் மருமகளுக்காகப் பதில் சொல்ல முடியாத கேள்வி உலகத்தில் அது ஒன்றுதான். தூணிலிருந்து முதல்முறையாகக் குரல் வந்தது: "மஞ்சளாத்தான்." மாத்திரைகள் கூரை ஓலைச் செருகலில் இருந்தன. மாத்திரை சாப்பிட்டால் வயிற்றுப் பிள்ளை பெருத்து, பிரசவம் கஷ்டமாகிவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு நான் கண்டுபிடித்த வித்தை வெந்நீர். தண்ணீர் கேட்டால் சொம்பில் உடனே வந்துவிடும், மோர் கேட்டால் பக்கத்து வீட்டிலாவது வாங்கிக் கொடுத்துவிடுவார்கள். "வெந்நீர் வெச்சுத் தாங்கம்மா, கை கழுவணும்" என்றால் விறகை இழுத்து, ஊதி, புகைந்து, தண்ணீர் காய்வதற்குக் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்தில் கேட்டதை என் ரிஜிஸ்டர் எதிலும் எழுத முடிந்ததில்லை. வெள்ளைப்படுகிறது, ஒரு வருஷமாக இடுப்பு விட்டுப்போகிறது, மாதம் இரண்டு தடவை வருகிறது, அவரிடம் சொல்ல முடியாது, ஆம்பளை டாக்டரிடம் போக முடியாது. கட்டம் இருந்தது கர்ப்பத்துக்கு, பிரசவத்துக்கு, ஆபரேஷனுக்கு. கர்ப்பப்பைக்குச் சொந்தக்காரி ஒருத்தி இருக்கிறாள் என்பதற்குக் கட்டம் இல்லை.

பல வருடம் கழித்து ஒரு பயிற்சியில் கட்சிரோலி கதையைச் சொன்னார்கள். மராட்டியத்தில் அது காட்டு மாவட்டம். ராணி பங், அபய் பங் என்ற டாக்டர் தம்பதி இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்துப் பார்த்தார்கள். நூற்றுக்கு 92 பேருக்கு ஏதோ ஒரு பெண்நோய். அதற்கு முன்பு ஒரு டாக்டராவது அதற்காகப் பரிசோதித்திருந்தது நூற்றுக்கு எட்டுப் பேரைத்தான். 1989இல் அது லண்டன் பத்திரிகை லான்செட்டில் வந்து உலகமே திடுக்கிட்டதாம். மண்டபத்தில் இருந்த நாற்பது நர்சம்மாக்களில் ஒருத்திகூடத் திடுக்கிடவில்லை. வெந்நீர் காய்கிற நேரத்தில் நாங்கள் எல்லோரும் கேட்டதுதான். அவர்கள் கட்டம் போட்டு எழுதினார்கள், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த 'அவ்வளவுதான்' லேசானதில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

அந்தக் காலத்தில் பெண்ணுக்கு எங்கள் பாஷையில் இன்னொரு பெயர் 'கேஸ்'. மாதத்துக்கு இத்தனை குடும்பக் கட்டுப்பாட்டு கேஸ் பிடிக்க வேண்டும். மார்ச் நெருங்கினால் நர்ஸ், வாத்தியார், கிராம அலுவலர் எல்லோரும் ஒரே பெண் வீட்டு வாசலில் நின்று "இது என் கேஸ்" என்று சண்டை போட்டிருக்கிறோம். 1996இல் இலக்கு கிடையாது என்று நாடு முழுக்க அறிவித்தார்கள். மறுமாதக் கூட்டத்தில், "இலக்கு இல்லை. ஆனால் போன வருஷத்தை விடக் குறையக் கூடாது" என்று சொன்னார்கள். இதைவிட அழகாக அந்தக் கொள்கையை யாரும் விளக்கியதில்லை.

பிறந்த குழந்தையை எடை போடுவது தனிக் கதை. உத்தரத்தில் தராசை மாட்டி, தூளியில் சிசுவை வைத்தால் அது காலை உதைக்கும், முள் ஆடும். 2.4க்கும் 2.6க்கும் நடுவில் அது ஆடிக்கொண்டிருக்கும்போது பின்னாலிருந்து பாட்டி, "ரெண்டரைன்னு போடு தாயீ" என்பார். இரண்டரைக்குக் கீழே எழுதினால் எடை குறைந்த பிள்ளை. எனக்கு மறுபடி மறுபடி வீடு தேடி வரும் வேலை, மீட்டிங்கில் கேள்வி. இரண்டரை போட்டேன். பின்னாளில் ஒரு வகுப்பில் எடைகளைக் கோடு கோடாக வரைந்து காட்டினார்கள். சரியாக 2.5இல் கோபுரம் போல ஒரு குவியல். "குழந்தைகள் இப்படிப் பிறக்காது, எழுதுகிறவர்கள் இப்படி எழுதுகிறார்கள்" என்றார் பேராசிரியர். நான் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிரிக்க முடியாத ஒரு பக்கமும் அந்த ரிஜிஸ்டரில் உண்டு. எங்கள் பகுதியில் ஒரு வீட்டில் இரண்டாவதும் பெண். நான்காம் நாள் போனபோது தூளி காலி. வாசலில் நின்ற கிழவி, "பால் பொரையேறிடுச்சு" என்றார். பெற்றவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள், மார்பில் பால் கட்டி ரவிக்கை நனைந்திருந்தது. அன்று யாரும் வெந்நீர் வைத்துத் தரவில்லை. காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது? எழுதினால் அந்த ஊருக்குள் நாளைக்கு நான் நடக்க வேண்டும். எங்கள் இலாகாவில் அதற்கு ஒரு சொல் புழங்கியது: 'சமூகக் காரணம்'. நாசூக்கான சொல். அதை எழுதிவிட்டு வந்தேன்.

அந்த நாசூக்கைத்தான் ஷீலா ராணி சுங்கத், வெங்கடேஷ் ஆத்ரேயா என்ற இரண்டு ஆய்வாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளிலிருந்து அந்த மரணங்களை எடுத்து எண்ணி, 1997இல் எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் எழுதினார்கள். தமிழ்நாட்டில் பெண் சிசுக்கொலை எங்கே, எவ்வளவு என்பது பேப்பரில் வந்தது. அதன் பிறகு எங்கள் மாவட்டத்துக் கிராமங்களில் கலைப்பயணம் என்று வீதி நாடகக் குழுக்கள் ஆடிப் பாடிக்கொண்டு வந்தன. நாடகம் பார்க்க முன்வரிசையில் அந்தக் கிழவி உட்கார்ந்திருந்தார். என்ன நினைத்தார் என்று நான் கேட்கவில்லை. ரிஜிஸ்டரில் பயந்து பயந்து எழுதிய இரண்டு வார்த்தை இவ்வளவு தூரம் போகும் என்று தெரிந்திருந்தால், இரண்டரை கிலோக்களையும் கொஞ்சம் ஒழுங்காக எழுதியிருப்பேன்.

வயசுப் பெண்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு 1992-93இல் முதல்முறை வந்தது. கல்யாணமான பெண்களிடம் மட்டும் பேசினார்கள். 1998-99இல் வந்தபோது விரலில் குத்தி ரத்தம் பார்த்தார்கள், அதுவும் கல்யாணமான பெண்களுக்குத்தான். தாலி ஏறிய பிறகுதான் உடம்பில் ரத்தம் ஊறும் என்று டில்லியில் நினைத்தார்களோ என்னவோ. 2005-06இல்தான் கல்யாணமாகாத பெண்ணையும் ஒரு பெண்ணாக எண்ணினார்கள். அதுவரை பதினாறு வயசுப் பெண்ணின் கண் இமையைக் கீழே இழுத்து, வெளிறிய உள்பக்கத்தைப் பார்த்து, "முருங்கைக்கீரை சாப்பிடு" என்று சொல்வதுதான் என் ஆராய்ச்சி. இப்போது பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு நீல மாத்திரை, புதுயுகம் நாப்கின் எல்லாம் வந்துவிட்டன. மாத்திரையை நாக்கடியில் ஒதுக்கிவைத்து, டீச்சர் திரும்பியதும் வேப்பமரத்தடியில் துப்புகிற பெண்களும் இருக்கிறார்கள். 2019-21 கணக்குப்படி தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு ரத்தசோகை. இருபது வருடத்துக்கு முன்பும் பாதிக்கு மேல்தான். கருவி மட்டும் டிஜிட்டல் ஆகியிருக்கிறது.

எல்லாமே அப்படி என்று சொன்னால் நன்றி கெட்டவள் ஆவேன். 1987இல் முத்துலெட்சுமி ரெட்டி பெயரில் கர்ப்பிணிக்கு 300 ரூபாய் உதவி தந்தார்கள். 2018இல் அது 18,000. நான் சேர்ந்த காலத்தில் என் ஏரியாவில் பாதிப் பிரசவம் வீட்டில், அரிவாள்மணையும் அடுப்புச் சாம்பலுமாக நடந்தது. இன்று மாநிலத்தில் நூற்றுக்கு 99க்கு மேல் ஆஸ்பத்திரியில். ஆனால் அதே 2019-21 கணக்குப்படி ஆஸ்பத்திரியில் பிறக்கிறவர்களில் நூற்றுக்குக் கிட்டத்தட்ட 45 பேர் கத்தி வழியாக வருகிறார்கள். தனியார் ஆஸ்பத்திரி என்றால் 64 பேர். வலி எப்போது வந்தது என்று அந்தக் காலத்தில் மாமியாரைக் கேட்டோம். இன்று வலி வருவதற்கு முன்பே ஜோசியர் நேரம் குறித்துக் கொடுத்துவிடுகிறார். பக்கத்தில் நிற்கிற ஆள்தான் மாறியிருக்கிறார்.

என் கடைசி வருடங்களில் ரிஜிஸ்டர் போய் டேப்லெட் வந்தது. பெண்ணின் உடம்பைப் பற்றிய விவரம் பதிவாக ஆதாரோடு சேர்ந்த போனுக்கு ஓடிபி வர வேண்டும். போன் புருஷனிடம், புருஷன் பெங்களூரில் சாரத்தின் மேல். "தம்பி, ஒரு நம்பர் வந்திருக்கும் பாரு" என்று நான் கத்த, "எதுக்குக்கா?" என்று அவன் அங்கிருந்து கத்த, மனைவிக்கு நாள் தள்ளிப்போன செய்தியை அவன் என் வாயால் தெரிந்துகொண்டதும் உண்டு. மாமியாரை வெந்நீர் வைக்க அனுப்பலாம். ஓடிபியை எங்கே அனுப்புவது?

கொரோனா ஓய்ந்த சமயம், மருத்துவப் பணியாளர்களின் மன அழுத்தம் பற்றி ஆராய்ச்சி செய்ய ஒரு மாணவி வந்தாள். முதல்முறையாக நாங்களே கேஸ். மாதாந்திர மீட்டிங்கில் தாளைக் கொடுத்தார்கள். "பெயர் எழுத வேண்டாம், ரகசியம் காக்கப்படும்" என்று மேலே அச்சடித்திருந்தது. கீழே துணை நிலையம், வயது, பணியாற்றிய ஆண்டுகள். எங்கள் வட்டாரத்தில் 30 வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள் நான் ஒருத்திதான். முன்னால் அதிகாரி உட்கார்ந்து ஃபைலைப் புரட்டிக்கொண்டிருந்தார். பணியிடத்தில் கழிப்பறை உண்டா என்று ஒரு கேள்வி. 'உண்டு' என்று டிக் அடித்தேன். உண்டுதான். பதினாலு வருடமாகத் தண்ணீர் இல்லாததால் உள்ளே ஓஆர்எஸ் பெட்டிகளை அடுக்கிவைத்திருந்தோம். பணியில் திருப்தியா என்ற கேள்விக்கு 'மிகவும்'. தாள்களைச் சேகரித்த மாணவி, "எல்லாரும் ஒரே மாதிரி போட்டிருக்கீங்களே மேடம்" என்றாள். நான் தூணில் சாய்ந்து நின்று சிரித்தேன். அந்த மண்டபத்தில் நல்ல வேளையாகத் தூண் இருந்தது.

2024இல் ஓய்வு பெற்றேன். இப்போது எனக்கே பிரஷர் உண்டு. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாதம் ஒருமுறை ஒரு பெண் பையோடு வீட்டுக்கு வருகிறாள். நல்ல பெண், கைப்பட்டையை இறுக்கிக் கட்ட மாட்டாள். போன வாரம் வந்து, "அம்மா, மாத்திரையெல்லாம் ஒழுங்காப் போடறீங்களா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். "அத்தை கரெக்டாப் போட்டுக்கறாங்க. எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றாள் என் மருமகள், போனிலிருந்து தலையைத் தூக்காமல். அந்தப் பெண் எழுதிக்கொண்டாள்.

தங்கச்சி, அடுத்த தடவை வரும்போது முதலில் என் மருமகளிடம் வெந்நீர் கேள். எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு, இரண்டு நிமிடம்தான் கிடைக்கும், அதற்குள் கேட்டுவிடு.