பிந்தி வந்த நோயாளி

ஏ.டி.எச்.டி. என்ற கவனக் குறைபாட்டுக்கான வைத்தியத்தில் ஒரு பகிடி இருக்கிறது. கிளினிக் நாளை மறக்கக்கூடாது, விடிய எழும்பிப் போய் நம்பர் எடுக்கவேண்டும், கிளினிக் கொப்பியைத் தொலைக்கக்கூடாது, முறை வரும்வரை வாங்கில் ஆடாமல் அசையாமல் இருக்கவேண்டும். இவ்வளவும் என்னால் ஏலுமென்றால் நான் ஏன் அங்கே போகிறேன்?

போக வெட்கமாகவும் இருந்தது. யாழ்ப்பாணத்தில் உளவளத்துணை போரின் காயங்களோடு வளர்ந்தது. சாந்திகம் என்ற உளவளத்துணை நிலையம் தொடங்கியது 1987இல். உளமருத்துவர் தயா சோமசுந்தரம் எழுதியது பெரும்பாலும் போர் உடைத்த மனங்களைப் பற்றி. பக்கத்து வாங்கில் இருப்பவ காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடும் தாயாக இருக்கலாம். நான் தேடுவது மோட்டார் சைக்கிள் திறப்பை.

முதலில் உலக சுகாதார நிறுவனத்தின் 18 கேள்விப் படிவம் தந்தார்கள். ஒரு வேலையில் கஷ்டமான பகுதி முடிந்தபிறகு கடைசிச் சில்லறை வேலைகளை முடிக்கத் திண்டாடுவீர்களா என்பது முதற்கேள்வி. ‘மிக அடிக்கடி’ என்று உற்சாகமாகப் புள்ளடி போட்டேன். கடைசிக் கேள்விகளை விட்டுவிட்டுக் கொடுத்தேன். “அதுவும் ஒரு விடைதான்” என்றார் உளவளத்துணையாளர்.

அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே இருந்திருக்கவேண்டுமாம். பாடசாலை ரிப்போர்ட் இருக்கிறதா என்று கேட்டார்கள். “95 இடம்பெயர்விலை போட்டுது” என்று சொல்லியிருக்கலாம். யாழ்ப்பாணத்தில் அதை யாரும் குறுக்கு விசாரணை செய்யமாட்டார்கள். ஆனால் போரில் ஊரே இடம்பெயர்ந்த அந்த ஒக்ரோபர் இரவில் காணி உறுதியோடு எங்கள் ரிப்போர்ட்களையும் கட்டித் தென்மராட்சிக்குக் கொண்டுபோய், பிறகு பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்தவ அம்மா. சண்டையெல்லாம் ஓய்ந்தபிறகு “நான் வைச்சிருக்கிறன்” என்று வாங்கித் தொலைத்தவன் நான். ஆகவே சாட்சிக்கு அம்மாவையே கூட்டிப்போனேன். “சின்னனிலையே இப்பிடித்தான் டொக்டர். சீனி வாங்க விட்டா கிரிக்கெட் ஸ்கோரோடை வருவான்.”

எனக்குத் தந்த மருந்தைப் பற்றி விழுந்து விழுந்து வாசித்தேன். மெத்தில்பெனிடேட்டை 1944இல் உருவாக்கிய லியான்ட்ரோ பனிசோன், மனைவி ரீட்டாவின் பெயரிலிருந்து அதற்கு ‘ரிட்டலின்’ என்று பெயர் வைத்தார். அது மனதில் நின்றது. எத்தனை மணிக்குக் குடிக்கவேண்டும் என்பது நிற்கவில்லை.

மருந்து கவனத்தைக் கூட்டும். அதை எதில் வைப்பது என்பதைப் பழகத்தான் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கொப்பியில் எழுதுங்கோ, பெரிய வேலையைத் துண்டு துண்டாகப் பிரியுங்கோ, தொடங்கும்போது ஆரையாவது பக்கத்தில் இருத்துங்கோ என்றார்கள். அன்றைக்கே கடைக்குப் போய் நிறம் நிறமாகக் கொப்பிகள் வாங்கிவந்தேன். “இஞ்சாருங்கோ, ஒண்டெண்டுதானே சொன்னவை?” என்றா மனிசி.

பக்கத்தில் ஆளிருப்பது மட்டும் உண்மையாகவே வேலை செய்கிறது. நான் கணக்குப் பார்க்க இருந்தால் அவவும் மரக்கறி வெட்ட வந்து இருப்பா. புத்திமதி சொல்லக்கூடாது என்பது நிபந்தனை. என் வருத்தத்தைவிட அந்த நிபந்தனைதான் வீட்டில் பெரிய கஷ்டம்.

சோம்பேறி, கவலையீனன் என்று பட்டங்கள் வாங்கிப் பழகியவனுக்கு, பிந்திப்போயும் பேச்சு வாங்காமல் அடுத்த திகதி கிடைத்த இடம் அந்தக் கிளினிக்தான். அந்தத் திகதியை நான் ஞாபகம் வைத்திருப்பதாக யாரும் நம்பவில்லை. மனிசியின் போனிலும் அம்மாவின் கலண்டரிலும் அது இருக்கிறது. என் ஞாபகத்தை நானும் நம்பாமல் விட்டதுதான் இதுவரை கண்ட முன்னேற்றம்.