பனி மேல பழியப் போடு, கண்ணு!

காலங்காத்தால வண்டி எடுக்கலைன்னா மொதல்ல பனியத் திட்டோணும் கண்ணு. அதுதான் முறை. பேட்டரி வாங்கி எத்தன வருசம் ஆச்சு, ராத்திரி உள்லைட்ட அணைச்சமா, டெர்மினல்ல பச்சை பூத்துக் கெடக்குதேன்னெல்லாம் யோசிக்கப்படாது. யோசிச்சா தப்பு நம்ம பக்கம் திரும்பிரும். பனிக்கு வக்கீலு இல்ல, வாயும் இல்ல. எவ்வளவு திட்டுனாலும் வாங்கிக்கும்.

நம்ம கோவிந்தாபுரத்துல அப்படி என்ன பனி கொட்டுதுன்னு கேக்காத. நம்மூரு இருக்கறது கேரளாவுலயே வெயிலுக்குப் பேர்போன பாலக்காடு ஜில்லாவுல. 2016 ஏப்ரல்ல 41.9 டிகிரி அடிச்சுது. இங்க குளிரு வந்துருச்சான்னு பாக்க ரேடியோ வேண்டாம், தேங்காயெண்ணெய் பாட்டிலக் கவுத்தாப் போதும். 24 டிகிரிக்குக் கீழ எறங்குனா எண்ணெய் உறைஞ்சு நிக்கும். அதப் பாத்ததும் நம்ம சனம் குரங்குக் குல்லாவ மாட்டிக்கிட்டு இமயமலைக்கே குடிபோனாப்ல நடுங்கும். வண்டி மட்டும் நடுங்காம இருக்குமா?

ஆனா நெசம் என்னன்னா, பேட்டரியக் கொல்றது வெயிலு. கோடையில உள்ள இருக்குற தண்ணி சுண்டுது, தகடு அரிக்குது. சித்திரையில பாதி உசுரு போன பேட்டரி மார்கழி வரைக்கும் மூச்சப் புடிச்சுட்டுக் கெடக்கும். குளிரு வந்ததும் உள்ள நடக்குற ரசாயன வேலை மந்தமாகும். இஞ்சின் ஆயிலும் கெட்டிப்படும். செல்ஃப் மோட்டாரு கூடக் கரண்டு கேக்கும். இருக்கறதே கொஞ்சம், அதுல கூடக் கேட்டா எங்க போறது? அன்னிக்குத்தான் குட்டு வெளிப்படும். செஞ்சது சித்திரை, மாட்டிக்கிட்டது மார்கழி.

பேட்டரிய நல்லாக் கெடுக்க இன்னொரு வழி இருக்குது. தெருமுனைக் கடைக்குப் பால் வாங்கக் காரெடுத்துட்டுப் போ. ஸ்டார்ட் பண்றதுக்கு எடுத்த கரண்ட அந்த ரெண்டு நிமிச ஓட்டத்துல ஆல்டர்னேட்டரு திருப்பிக் குடுக்க முடியாது. தினம் இப்படிக் கடன் வாங்கீட்டே இருந்தா, ஒரு நாளைக்குச் சாவியத் திருப்புறப்ப "டிக்... டிக்..."னு மட்டும் சொல்லும். அப்ப விடாம சாவிய முறுக்கிக்கிட்டே இரு. மிச்சம் இருக்குற உசுரும் போயிரும், மெக்கானிக்குக்கு வேலை மிச்சம்.

நான் பொள்ளாச்சியில அம்பாசிடர் டாக்சி ஓட்டுன காலத்துல செல்ஃப் எடுக்கலைன்னா ஒருத்தனும் அழுவுல. முன்னால ஓட்டையில ஹேண்டிலச் சொருகி ஒரு சுத்து. அதுலயும் ஒரு சூட்சுமம் உண்டு. கட்டை வெரல மத்த நாலு வெரலுக்கு எதிரால மடக்கிப் புடிக்கப்படாது. அஞ்சும் ஒரே பக்கமா இருக்கோணும், கீழ இருந்து மேல இழுக்கோணும். இஞ்சின் திருப்பி ஒதைச்சா ஹேண்டிலு கைய விட்டு வழுகிப் போயிரும். கட்டை வெரல மடக்கி இருந்தா வெரலும் போயிரும், சமயத்துல மணிக்கட்டும் போயிரும். இந்தத் தொல்லைக்குத்தான் அமெரிக்காவுல சார்லஸ் கெட்டரிங்ங்கிற ஆளு 1911ல கரண்டுல சுத்துற செல்ஃபக் கண்டுபுடிச்சான். அடுத்த வருசமே காடிலாக் காருல அது வந்துருச்சு. நூறு வருசத்துக்கு முன்னால அவன் உன்ற கையக் காப்பாத்திக் குடுத்தான். நீ அந்தக் கையால டெர்மினலத் தொடைக்கக் கூட மாட்டீங்கற.

தொடைக்கறது பெரிய வித்தையில்ல. கருப்பு ஒயர மொதல்ல கழட்டு. பழைய பல்லு வெளக்குற பிரஷ்சும் சுடுதண்ணியும் போதும். பூத்திருக்கறது அத்தனையும் கரைஞ்சு போகும். ஈரம் காஞ்சதும் டைட்டா மாட்டி, மேல கொஞ்சம் வாசலினத் தடவு. இதுக்கு ஆகுற நேரம் நீ பனியத் திட்டுற நேரத்துல பாதிதான்.

"அப்பாரு, தள்ளு ஸ்டார்ட் போட்டா ஆகாதுங்களா?"ன்னு கேக்குற. ஆகும். ரெண்டாவது கியரப் போட்டு, வண்டி ஓடுறப்ப கிளட்ச்ச டக்குனு விட்டா எடுத்துக்கும். ஆனா அது கியரு போடுற வண்டிக்கு. நீ வாங்கியிருக்கறது ஆட்டோமேட்டிக். அதத் தள்ளுனா ஊருதான் எளைக்கும், வண்டி எடுக்காது. அதுக்கு ஜம்பர் ஒயருதான். செவப்புக்குச் செவப்பு, அடுத்த வண்டி பேட்டரியில கருப்புக்குக் கருப்பு. கடைசிக் கருப்ப மட்டும் உன்ற பேட்டரியில மாட்டாத. தள்ளி இஞ்சின் இரும்புல மாட்டு. பேட்டரியில இருந்து ஹைட்ரஜன் கேஸு வரும், பக்கத்துல பொறி பறந்தா வெடிச்சுரும்.

அடுத்தது காத்து. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவால முப்பது நாப்பது கிலோமீட்டர் அகலத்துக்கு மலை வழிவிட்டு நிக்குது. கார்த்திகையில இருந்து தை வரைக்கும் கெழக்கால இருந்து வர்ற வறண்ட காத்து அந்தச் சந்துல பூந்து ஓடுது. மலையாளத்துக்காரரு விருச்சிகக் காத்துன்னு சொல்லுவாங்க. நம்மூரு செக்போஸ்ட்டுல நிக்காமப் போறது அது ஒண்ணுதான். போற போக்குல பொள்ளாச்சி மண்ணு பூராத்தையும் உன்ற ஏர் பில்டருல எறக்கி வெச்சுட்டுப் போகும். நீ அதத் தட்டவே தட்டாத. வண்டி இழுக்கலைன்னா பெட்ரோல் சரியில்லைன்னு சொல்லிக்கலாம்.

அப்புறமேட்டு முதலமடைப் பக்கம் போனா மாமரம் பூத்து நிக்கும், நெழலு அருமையா இருக்கும். அடியில கொண்டு போய் வண்டிய நிறுத்து. பூவுல இருக்குற தத்துப்பூச்சி கழியுற பிசினு கண்ணாடி பூரா சொட்டும். அது மேல காத்து மண்ணத் தூவும். நீ வந்து தண்ணியில்லாம வைப்பரப் போடு. கர்ர்ருனு ரெண்டு இழுப்பு, கண்ணாடியில வானவில்லு மாதிரி கீறலு விழுந்துரும். வாழ்நாள் பூரா அழியாது.

மூணாறுக்குப் போறயா? போ, போ. உடுமலை, சின்னாறு, மறையூரு வழியா ஏறு. சனவரியில செண்டுவரை, லட்சுமி எஸ்டேட்டுப் பக்கம் பூச்சியத்துக்குக் கீழ போயிரும். விடிஞ்சாக் காரு மேல வெள்ளையா உறைபனி படிஞ்சு நிக்கும். எல்லாரும் அது மேல பேரெழுதிப் போட்டோ எடுப்பாங்க. நீ கொதிக்கக் கொதிக்கச் சுடுதண்ணிய முன்கண்ணாடியில ஊத்து. படார்னு விரிசல் விட்டு ஒரு பக்கத்துல இருந்து மறுபக்கம் ஓடும், அதையும் போட்டோ எடுத்துக்கலாம். வேண்டாம்னா இஞ்சினப் போட்டு, கண்ணாடிக்கு அடிக்கிற சூடுகாத்தத் திருப்பி விட்டுப் பத்து நிமிசம் பொறு. பனி தானா வழுகி எறங்கும்.

கண்ணாடி உள்பக்கம் ஆவி மூடுறது வேற சங்கதி. அஞ்சு பேரு விடற மூச்சுத்தான் கண்ணாடியில போயி ஒட்டுது. உள்ளங்கையில தொடைச்சா எண்ணெய் வழிஞ்சாப்ல ஆயிரும், எதுத்தாப்ல வர்ற லைட்டு நாலாத் தெரியும். குளுரா இருந்தாலும் ஏசியப் போடு. அது ஈரத்த உறிஞ்சிரும். வெளிக்காத்து உள்ள வர்ற பொத்தான அமுத்து. மூடுபனியில ஹை பீம் போட்டா வெளிச்சம் திரும்பி உன்ற கண்ணுலதான் விழும். டிம்முல போறவனுக்குத்தான் ரோடு தெரியும்.

டீசல் உறைஞ்சுருமோன்னு பயப்படாத. அது லடாக்குக்காரன் கவலை. அங்க 2019 நவம்பர்ல இந்தியன் ஆயில் கம்பெனி மைனஸ் 33 டிகிரியிலயும் உறையாத டீசலக் கொண்டாந்துச்சு. நீ அதக் கேட்டு பெட்ரோல் பங்க்காரன் கிட்டச் சிரிப்பு வாங்காத.

மலை ரோட்டுல படையப்பா வந்து குறுக்கால நின்னா ஹார்ன் அடிக்காத. அது மூணாறுக் கொம்பன் யானை. கேரளா கவர்மெண்ட் பஸ்சே நின்னு வழிவிடுது. சாலக்குடி-வால்பாறை ரோட்டுல கபாலின்னு ஒருத்தன் இருக்கான். 2022 நவம்பர்ல ஒரு தனியார் பஸ்ச எட்டுக் கிலோமீட்டர் ரிவர்ஸ்லயே ஓட வெச்சான். நீ வீட்டுக் கேட்டுக்குள்ள ரிவர்ஸ் எடுக்கவே பக்கத்து வீட்டுக்காரரக் கூப்புடற ஆளு, அத நெனப்புல வெச்சுக்க.

இன்னொண்ணு, இதுல கேலி இல்ல கண்ணு. குளுருதுன்னு கண்ணாடிய ஏத்தி, இஞ்சின ஓட விட்டு வண்டிக்குள்ள தூங்காத. புகையில வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு வாசமும் இல்ல, நெறமும் இல்ல. 2024 டிசம்பர்ல வடகரையில நிறுத்தியிருந்த கேரவன்ல ரெண்டு பேரு அப்படித்தான் செத்துப் போனாங்க. அங்க ஜெனரேட்டர் புகை. எதுல இருந்து வந்தாலும் அது ஒரே புகைதான்.

எலியப் பத்திச் சொல்லாம விட்டா அதுக்குக் கோவம் வந்துரும். குளுருக்கு அது பானெட்டுக்குள்ள தங்கும். நீ சீட்டுல முறுக்குத் தின்னு தூள விட்டுருக்கற, அது சாப்பாடு. ஒயருல பல்லுத் தீட்டும். புகையிலையக் கட்டித் தொங்கவிடுன்னு நாலு பேரு சொன்னாங்க. நானும் கட்டுனேன். எலி அதத் தின்னுட்டுச் சுண்ணாம்பு கேக்காததுதான் பாக்கி. வண்டிய நெல்லு மூட்டை கிட்ட நிறுத்தாத, உள்ள கூட்டு, காலையில எடுக்குறதுக்கு முன்னால பானெட்ட ரெண்டு தட்டுத் தட்டு. பூனை இருந்தாலும் எறங்கி ஓடும், பாம்பு இருந்தாலும் நகரும்.

இதையெல்லாம் ஐப்பசியிலயே முடிச்சுரலாம். மெக்கானிக் ஷெட்டுல அப்பக் கூட்டம் இருக்காது. கார்த்திகை ஒண்ணாந்தேதி சபரிமலை வண்டி வர ஆரம்பிச்சுட்டா உன்னைய யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. ஆனா நீ போக மாட்ட. மார்கழியில ஒரு நாளு விடியறப்ப என்ற வாசல்ல வந்து, "அப்பாரு, என்னா பனிங்க!"ன்னு நிப்ப. ஜம்பர் ஒயரு என்ற கட்டிலுக்கு அடியில இருக்குது. வாடகை ஒரு டீ, ரெண்டு பருப்பு வடை. அதனாலதான் இத்தனையும் தைரியமாச் சொல்றேன். நீ மட்டும் கேட்டுத் திருந்திட்டீன்னா, இந்தக் குளுருல என்ற டீக்கு நான் எங்க போறது?